முதன்முறையாகத் தகனப் பொறுப்பை ஏற்பவர்களுக்கு

வீட்டில் ஓர் இறப்பு நேரும்போது, எல்லோரும் அழுதுகொண்டிருக்க, யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுத்து ஆக வேண்டியதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் தந்தையார் இறந்த அன்று அந்தப் பொறுப்பு என்மேல் விழுந்தது; எனக்கு எதுவும் தெரியாது. அதன்பின் உறவிலும் தெருவிலும் பல வீடுகளில் உடன் நின்றதில் கற்றுக்கொண்டதை, முதல் தடவையாக அந்த இடத்தில் நிற்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். தமிழ்நாட்டு நகரங்களில், குறிப்பாகச் சென்னையில், எரிவாயு தகன மேடையில் எரியூட்டுவதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். சடங்குகள் ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அவற்றை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்துக் குடும்பங்களிலும் அடக்கம் செய்யும் வழக்கம் உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள், சிறு குழந்தைகளைப் பெரும்பாலும் புதைக்கவே செய்கிறார்கள் என்பதால், எரிப்பதா புதைப்பதா என்பதை முதலிலேயே வீட்டாரிடம் உறுதி செய்துகொள்வது நல்லது.

தொடங்குமுன் ஒன்றைச் செய்யுங்கள். வேலையை இரண்டாகப் பிரித்து, அலைய ஒருவரையும் உடலின் அருகிலேயே இருக்க ஒருவரையும் அமர்த்துங்கள். அருகில் இருப்பவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே போகக் கூடாது. நோயாளியாக இருந்தவரை நாம் தனியே விட்டதில்லை. சாம்பல் நம் கைக்கு வரும்வரை அதே பணிவிடைதான் தொடர்கிறது.

முதல் ஒரு மணி நேரம்

வீட்டில் இறந்தால், வழக்கமாகப் பார்த்துவந்த மருத்துவரை உடனே அழைத்து, இறப்பை உறுதி செய்து, இறப்புக்கான காரணத்தைக் குறிப்பிடும் மருத்துவச் சான்றைப் படிவம் 4ஏ-வில் எழுதி வாங்குங்கள். மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4-ஐ அவர்களே தருவார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர் உள்ள வீட்டில், அவரை அவ்வப்போது வந்து பார்க்கும் மருத்துவர் ஒருவர் இருப்பது இந்த நேரத்தில் எவ்வளவு பெரிய உதவி என்பது பட்டவர்களுக்குத் தெரியும். அப்படி ஒருவர் இல்லாமல், உயிர் பிரிந்த பிறகு உடலைத் தூக்கிக்கொண்டு புதிய மருத்துவமனைக்கு ஓடினால், அவர்கள் காவல் நிலையத்துக்குத் தகவல் தரவும் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பவும் வாய்ப்பு உண்டு.

விபத்து, தற்கொலை, விஷம், பாம்புக்கடி, சந்தேகத்துக்கு இடமான சாவு என்றால் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் எரியூட்டவே கூடாது. திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, அவர் சாவில் சந்தேகம் இருந்தாலோ, கோட்டாட்சியர் விசாரணையும் நடக்கும். உறவினர் சிலர் "எதுக்கு வம்பு, சீக்கிரம் எடுத்துடலாம்" என்பார்கள். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். எரித்த பிறகு எந்த உண்மையையும் உடலிலிருந்து மீட்க முடியாது.

கண் தானம் செய்ய விரும்பினால் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அருகிலுள்ள கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, அவற்றின்மேல் ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி வையுங்கள். எடுத்த பிறகு முகம் விகாரமாகாது என்பதைத் தயங்கும் உறவினர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

உடல் விறைக்கத் தொடங்குவது இரண்டு மூன்று மணி நேரத்தில். அதற்கு முன்பே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. இவற்றைத் தள்ளிப்போட்டால் பிறகு வலுக்கட்டாயமாகச் செய்ய நேரும், அது பார்ப்பவர் மனத்தை விட்டு அகலாது. கண்களை மூடி, இமைமேல் விரலைச் சிறிது நேரம் அழுத்தாமல் வைத்திருங்கள். வாய் திறந்துகொள்ளாமல் இருக்க, மோவாய்க்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சிடும் நாடிக்கட்டை மெல்லிய வெள்ளைத் துணியால் கட்டுங்கள். பல் செட் இருந்தால், கட்டுவதற்கு முன் எடுத்துவிடலாம். எடுத்தால் கன்னம் ஒட்டி முகம் மாறிவிடும் என்று தோன்றினால், இப்போதைக்கு விட்டுவிட்டு மயானத்துக்குப் புறப்படுமுன் எடுக்கலாம். கை கால்களை நேராக நீட்டிக் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். சிறுநீர்க் குழாய், மூக்குக் குழாய், கையில் ஏற்றிய ஊசி ஆகியவற்றை ஒரு செவிலியரைக் கொண்டு எடுக்கச் செய்யுங்கள். நாமாகப் பிடித்து இழுத்தால் கசிவு நிற்காது.

மார்பில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர் என்றால் மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். அதன் மின்கலம் உலையின் சூட்டில் வெடிக்கும். உலையையும் சிதைக்கும், அருகில் நிற்கும் ஊழியருக்கும் ஆபத்து. தகனத்துக்கு முன் அதை அகற்றியே தீர வேண்டும். இடுப்பிலோ முழங்காலிலோ உள்ள உலோகத் தகடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பெட்டியும் பந்தலும்

வெளியூரிலிருந்து பிள்ளைகள் வர வேண்டியிருந்தால் ஃப்ரீசர் பெட்டி தேவைப்படும். நம் ஊர் வெயிலுக்கு நான்கைந்து மணி நேரத்துக்குள் உடலைப் பெட்டிக்குள் வைத்துவிடுவது நல்லது. வருபவர்கள் ஒவ்வொருவருக்காகவும் மூடியைத் திறந்தால் குளிர் நிற்காது. கண்ணாடி வழியே முகம் தெரியும், அது போதும். பெட்டியின் அடியிலிருந்து நீர் சொட்டும். பந்தலுக்குள் இழுத்துவரும் மின்கம்பி அந்த ஈரத்தில் கிடக்காமல் ஒரு பலகையின்மேலோ நாற்காலியின்மேலோ போட்டுவைப்பதை யாராவது ஒருவர் கவனிக்க வேண்டும். மின்தடை வந்தால் என்ன செய்வது என்பதைப் பெட்டி கொண்டுவருபவரிடம் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மயானத்தில் நேரம் குறித்தல்

அலைபவரின் முதல் வேலை இது. எந்த மயானம், எத்தனை மணிக்கு என்பது தெரிந்த பிறகே உறவினர்களுக்கு நேரம் சொல்ல வேண்டும். பெசன்ட் நகர், கண்ணம்மாபேட்டை, கிருஷ்ணாம்பேட்டை, ஓட்டேரி, மூலக்கொத்தளம், வேலங்காடு எனச் சென்னையில் பகுதிக்குப் பகுதி மயானங்கள் உள்ளன. சென்னை மாநகராட்சி மயானங்களில் எரியூட்டக் கட்டணம் கிடையாது. பிற நகராட்சிகளிலும், அறக்கட்டளைகள் நடத்தும் தகன மேடைகளிலும் கட்டணம் உண்டு. அலுவலகத்தில் ரசீது கேட்டு வாங்குங்கள். இறந்தவரின் ஆதார் நகல், பொறுப்பேற்பவரின் ஆதார் நகல், மருத்துவச் சான்று ஆகிய மூன்றையும் இரண்டிரண்டு படிகள் எடுத்து ஓர் உறையில் போட்டு அலைபவரின் சட்டைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு மயான வாசலில் தேடுபவர்களை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்கு எடுத்துவர 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தியைக் கேட்கலாம். வீட்டிலிருந்து மயானத்துக்கான வண்டியைத் தனியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

எரிவாயு மேடையா, விறகா, மின் தகனமா என்ற கேள்வி சில வீடுகளில் எழும். விறகுச் சிதைக்கு நானூறு ஐந்நூறு கிலோ விறகு பிடிக்கும். கிராமங்களில் எருமுட்டையும் விறகும் அடுக்கி, வைக்கோல் போர்த்து, மேலே களிமண் பூசி மூட்டம் போடுவார்கள். அதில் விறகு குறையும், ஆனால் எரிந்து அடங்க விடிந்துவிடும். எரிவாயு உலையில் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது, புகை உயரமான புகைபோக்கி வழியே போய்விடுகிறது, மழை நாளிலும் தடையில்லை. பெரியவர்கள் "கட்டையில வேகணும்" என்று வற்புறுத்தினால், நெஞ்சின்மேல் ஒரு சந்தனக் கட்டையோ நான்கு சிராய்களோ வைக்க மேடை ஊழியர்கள் அனுமதிப்பார்கள் என்று சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில் அதற்குமேல் யாரும் மறுத்ததில்லை.

குளிப்பாட்டுதல்

இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அவசரத்தில் இதைத்தான் குறைத்துவிடுகிறார்கள். நான்கு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றி முடித்துவிடுவது குளிப்பாட்டுதல் ஆகாது. இறந்தவர் பெண்ணென்றால் பெண்களே சூழ்ந்து நிற்கட்டும். நான்கு பேர் சேலையை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டுங்கள். ஆணுக்கும் அந்த மறைப்பு வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த உடல் சில்லென்று ஈரம் கோத்திருக்கும், கை கால் மடங்காது. எனவே பழைய ஆடையைக் கழற்ற முயலாமல் கத்தரிக்கோலால் நறுக்கி எடுங்கள். தூக்கும்போது ஒருவர் கட்டாயம் தலையையும் கழுத்தையும் ஏந்திக்கொள்ள வேண்டும்.

உறவினர் ஒவ்வொருவரும் தலையில் எண்ணெயும் சீயக்காயும் தொட்டுவைத்த பிறகு, வெதுவெதுப்பான நீரை மெதுவாக ஊற்றி, முகத்தையும் காதின் பின்புறத்தையும் விரலிடுக்குகளையும் துணியால் துடைத்துவிடுங்கள். நீண்ட நாள் படுத்திருந்தவருக்கு முதுகில் படுக்கைப் புண் இருக்கலாம். அதன்மேல் பஞ்சும் துணியும் வைத்துக் கட்டிவிட்டுப் பிறகு புதுத் துணி உடுத்துங்கள். மூக்கிலும் காதிலும் பஞ்சு வையுங்கள். என் தந்தையாரைக் குளிப்பாட்டியபோது என் அத்தை, ஒரு பழைய பனியன் துணியை நனைத்துப் பிழிந்து, அவருடைய கால் நகங்களுக்குள் இருந்த அழுக்கை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். "நேரமாகுது அத்தை" என்றேன். "அவன் அழுக்கோட எங்கயும் போனதில்லப்பா" என்று சொல்லிவிட்டு, பத்து விரலையும் முடித்த பிறகே எழுந்தார். மயானத்துக்கு நாங்கள் இருபது நிமிடம் தாமதமாகப் போனோம். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பிரேதப் பரிசோதனை முடிந்து வந்த உடலை மட்டும் பிரிக்காதீர்கள். தையல் போட்டுச் சுற்றியிருப்பார்கள். முகத்தைத் துடைத்து, மேலே நீர் தெளித்து, கோடித் துணியைப் போர்த்தினால் போதும்.

கழற்ற வேண்டியவை

குளிப்பாட்டும்போதே நகைகளை இரண்டு பேர் முன்னிலையில் கழற்றி, எண்ணி, ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். இறுகிய மோதிரத்துக்கும் வளையலுக்கும் சோப்பு நீர் உதவும். வராவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். உலைக்குள் போனது திரும்பி வராது, பின்னால் அது அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பாக முடியும்.

உடுத்துவதற்குப் பருத்தி வேட்டியோ நூல் சேலையோ நல்லது. செயற்கை இழைத் துணி சூட்டில் உருகி உடலோடு ஒட்டும். காது கேட்கும் கருவி, கைக்கடிகாரம், கைபேசி, மூக்குக்கண்ணாடி, மருந்துப் புட்டி, அத்தர் புட்டி இவற்றில் எதையும் அன்பின் பேரால் உடன் வைக்காதீர்கள். மின்கலமும் மூடிய கண்ணாடிப் புட்டியும் சூட்டில் வெடிக்கும். "சனிப்பிணம் தனிப்போகாது" என்று சொல்லிச் சனிக்கிழமைகளில் பாடையில் கோழியையோ தேங்காயையோ கட்டும் வழக்கம் உள்ளவர்கள், தேங்காயோடு நிறுத்திக்கொண்டு, அதையும் மேடைக்குப் போகுமுன் அவிழ்த்துவிட வேண்டும். பிளாஸ்டிக் சரிகை கலந்த மாலைகளையும் அங்கேயே எடுத்துவிடுங்கள்.

வழியெல்லாம் மாலைகளைப் பிய்த்துச் சாலையில் எறிவதைத் தயவுசெய்து தவிர்க்கச் சொல்லுங்கள். பின்னால் வரும் இருசக்கர வண்டி அந்தப் பூவில் சறுக்கி விழும். நம் வீட்டுச் சாவு இன்னொரு வீட்டுக்குக் காயமாகப் போகக் கூடாது.

தகன மேடையில்

பதிவேட்டில் விவரம் எழுதும் இடத்தில் நிதானம் தேவை. இதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். எழுதி முடிந்ததும் உடலைப் பாடையிலிருந்து உலையின் இரும்புத் தட்டுக்கு மாற்றுவார்கள். வாய்க்கரிசி போடுவதும், கொள்ளிக்குடம் சுமந்து மூன்று சுற்றுச் சுற்றி உடைப்பதும் மேடைக்கு முன்னுள்ள திண்ணையில் நடக்கும். பிறகு கொள்ளி வைப்பவர் நெஞ்சின்மேல் கற்பூரத்தை ஏற்றுவார், தட்டு உள்ளே நகரும், கதவு இறங்கும். இவை எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால், முதல் முறை வருபவர்கள் திகைத்துப்போகிறார்கள். சிதை மெல்லப் பற்றி எரிவதைப் பார்த்து மனம் ஆறும் அவகாசம் இங்கே இல்லை. ஆகையால், தட்டை நகர்த்துமுன் "முகத்தைப் பார்க்க ரெண்டு நிமிஷம் குடுங்கண்ணே" என்று ஊழியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அநேகமாக எல்லோரும் தருகிறார்கள்.

மகள் கொள்ளி வைக்கலாமா, பெண்கள் மயானத்துக்கு வரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, தகன மேடை நிர்வாகங்களும் தடுப்பதில்லை. சென்னை வேலங்காடு மயானத்தின் நிர்வாகப் பொறுப்பையே 2014-இல் பெண்கள் ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். பத்து வருடம் மலம் மூத்திரம் எடுத்துப் பார்த்துக்கொண்ட மகளைத் தெருமுனையோடு நிறுத்திவிட்டு, ஊரிலிருந்து அன்று காலை வந்திறங்கிய பங்காளி கொள்ளி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவளுக்கு வர விருப்பம் இருந்தால் அழைத்து வாருங்கள்.

உலைக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் அச்சம் குறையும். வெப்பம் 800 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. உடலில் பாதிக்கு மேல் நீர்தான். முதலில் அது ஆவியாகி வெளியேறுகிறது, பிறகு தசை எரிந்து வாயுவாகிறது, எலும்பின் சுண்ணச் சத்து மட்டும் வெண்மையாக நிற்கிறது. நாம் சாம்பல் என்று சொல்வது பெரும்பாலும் இந்த எலும்புதான். பெரியவர் ஒருவருக்கு இரண்டு மூன்று கிலோ இருக்கும்.

மேடை ஊழியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தலைமுறை தலைமுறையாக இழிசொல்லைக் கேட்டே இந்த வேலையைச் செய்துவந்தவர்கள் அவர்கள். பழைய சாதிப் பெயரால் கூப்பிடாமல் அண்ணே என்றோ ஐயா என்றோ அழையுங்கள். கட்டணமில்லாத இடத்தில் பணம் கேட்டு யாரேனும் வற்புறுத்தினால் அலுவலகத்தில் முறையிடலாம். மனமுவந்து கொடுப்பதாக இருந்தால், பேரம் பேசாமல் கையில் கொடுங்கள்.

எலும்பு பொறுக்குதல்

எரிவாயு மேடையில் இரண்டு மூன்று மணி நேரம் காத்திருந்தாலோ, மறுநாள் காலை போனாலோ சாம்பல் கிடைக்கும். ரசீதிலோ வில்லையிலோ உள்ள எண்ணைச் சரிபார்த்த பிறகே வாங்குங்கள். புது மண் கலயம், அதன் வாயைக் கட்ட வெள்ளைத் துணி, நூல், சிறிது பால், இளநீர், பூ ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

என் தந்தையாரின் சாம்பலை ஒரு தகரத் தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். பால் தெளித்தபோது இன்னும் மிச்சமிருந்த சூட்டில் அது சீறியது. காலிலிருந்து தொடங்கித் தலைவரை ஒவ்வொரு இடத்திலும் ஓர் எலும்பை எடுக்கச் சொன்னார் ஊழியர். விரலால் எடுத்தபோது அவற்றுக்குக் கனமே இல்லை. கலயத்துக்குள் விழுந்தபோது மெல்லிய ஓட்டுச் சில்லின் சத்தம் கேட்டது. அந்தச் சாம்பலுக்கு நடுவே, ஆறு ஆண்டுகளுக்கு முன் இடுப்பில் பொருத்திய தகடு, திருகாணிகள் நான்கும் அப்படியே இருக்க, கறுத்துக் கிடந்தது. அவர் தடியை ஊன்றி மாடிப்படி ஏறியதெல்லாம் அதன் பலத்தில்தான். வேண்டுமென்றால் எடுத்துச் செல்லலாம், வேண்டாமென்றால் ஊழியரிடம் விட்டுவிடலாம் என்றார்கள், விட்டுவிட்டோம். இப்படி ஒன்று தட்டில் இருக்கக்கூடும் என்பதை, கலயம் ஏந்தும் பிள்ளையிடம் முன்னமே சொல்லிவையுங்கள்.

கலயத்தை வீட்டுக்குள் கொண்டுபோகும் வழக்கம் பலரிடம் இல்லை. அன்றே கரைத்துவிடுகிறார்கள், அல்லது மயானத்திலேயே பாதுகாக்கச் சொல்கிறார்கள். சென்னையில் கடற்கரை, காவிரிக் கரையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம், பவானி கூடுதுறை, தாமிரபரணியில் பாபநாசம், கடலில் ராமேசுவரம் என இடங்கள் பல. எங்கே கரைத்தாலும் சாம்பலும் பூவும் மட்டும் நீரில் போகட்டும். உடுத்திய துணியை ஆற்றில் விடும் பழக்கத்தால் பாபநாசத்தில் தாமிரபரணியின் அடியில் துணி மூட்டைகளாகச் சேர்கிறது. துணியைக் கரையில் வைத்திருக்கும் தொட்டியில் போடுங்கள். கடலில் என்றால் அலைக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள், முதியவர்களை முழங்காலளவுக்கு மேல் இறங்கவிடாதீர்கள்.

இறப்புச் சான்றிதழ்

1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்தால் தாமதக் கட்டணம் இல்லை. அதற்குப்பின் 30 நாட்கள் வரை கட்டணத்தோடும், ஓராண்டு வரை உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதியோடும், ஓராண்டைக் கடந்தால் நடுவரின் ஆணையோடும்தான் பதிய முடியும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே தகவல் தந்துவிடுவார்கள். வீட்டில் இறந்தால் நகரத்தில் சுகாதார ஆய்வாளரிடமும், கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமும் நாம்தான் தெரிவிக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், குடும்ப அட்டை எல்லாம் இதற்குப் பிறகுதான் நகரும். இறந்தவர் தொழிலாளர் நலவாரிய உறுப்பினர் என்றால் ஈமச்சடங்கு உதவித்தொகைக்கும் இதுவே ஆதாரம்.

பதிவேட்டில் நிதானம் தேவை என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். என் தந்தையாரின் பெயருக்கு முன் இரண்டு எழுத்துகள் இருந்தன. ஊர்ப் பெயருக்கு ஒன்று, தகப்பனார் பெயருக்கு ஒன்று. மருத்துவமனைப் படிவத்தில் ஒன்றுதான் இருந்தது. நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், அதே பெயர் சான்றிதழிலும் ஏறியது, வங்கிக் கணக்கோடு பொருந்தவில்லை. திருத்தி வாங்க ஒன்பது மாதம் ஆனது. அம்மா அதுவரை ஓய்வூதியத்துக்காகக் காத்திருந்தார். எனவே மருத்துவமனையிலும் மயானத்திலும் எதில் கையெழுத்துப் போட்டாலும், ஆதார் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர், முன்னெழுத்து, தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, இறந்த தேதி ஆகியவற்றை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். உங்கள் கண் கலங்கியிருந்தால், கலங்காத ஒருவரை அருகில் நிறுத்தி அவரைப் படிக்கச் சொல்லுங்கள்.